அறுவடை இயந்திரம் வரவில்லை

"இனிமையான அனுபவமா ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த ஆய்வு நிலையத்துக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற எல்லாரிடமும் கேட்டிருக்கிறார்கள். இனிமையாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மலருக்காக அழைத்த அதே பெண், போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டாள். அதற்குப் பிறகு இனிமைக்கு எங்கே போவது? மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். எழுதிவிட்டேன்.

அந்தப் பெண் சிந்துஜா. பழைய குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது இப்போது அவள் வேலை.

"மேடம், ஒரு தை மாசத்துப் பக்கம். மதியம் ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் 'அறுவடை இயந்திரம் அருகில் இருந்தது, பதிவு நீக்கப்பட்டது'ன்னு எழுதி உங்க கையெழுத்து இருக்கு. ஆனா அதே மூணு மணி நேரத்த வச்சு அப்போ தலைவரா இருந்த டாக்டர் ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காரு. நான் எதச் சரின்னு ஏத்தறது?"

கையெழுத்து என்னுடையதுதான். எழுதியிருப்பது பொய். அதை அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன். பதினைந்து வருடம் யோசித்தது போதாதென்று இன்னும் யோசிக்க வேண்டுமாம் எனக்கு.

நாங்கள் என்ன வேலை பார்த்தோம் என்பது அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. திருக்காட்டுப்பள்ளிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவே இருந்த நிலையம். 'மழை ஆபீஸ்' என்பார்கள். மழை எப்போது வரும் என்று என்னிடம் கேட்டுவிட்டு, தெரியாது என்றால், பிறகு எதற்குச் சம்பளம் என்பதுபோல் பார்ப்பார்கள்.

நாங்கள் பார்த்தது மழைக்கு மேலே, வெகு மேலே. நூறு கிலோமீட்டர் உயரத்தில், விண்வெளி தொடங்கும் இடத்தில், காற்று மிகவும் மெலிந்துவிடும். பகலில் சூரியக் கதிர்கள் அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடும். அப்படிப் பிரிந்து மின்னூட்டத்தோடு அலையும் வாயுதான் பிளாஸ்மா. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டின் வழியாகப் போகிறது. அதன் இரண்டு பக்கமும் ஒரு பட்டையில், அந்தப் பிளாஸ்மாவுக்குள் பகல் முழுக்க மேற்கிலிருந்து கிழக்காக மின்சாரம் ஓடும். தஞ்சாவூர் அந்தப் பட்டைக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்குப் பலூன் எட்டாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றாது. ராக்கெட் விட்டால் சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வரும். மற்ற நாளெல்லாம் தரையில் இருந்துதான் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடினால் காந்தம் உண்டாகும். அந்தக் காந்தத்தை வயலில் உட்கார்ந்து அளந்தால், மேலே எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். காலையில் வரைபடத்துக் கோடு ஏறும், உச்சியில் நிற்கும், மாலையில் இறங்கும். என்றைக்காவது சில மதியங்களில் அந்த மின்சாரம் நின்று, எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கும். அப்போது கோடு, இரவில் இருக்கும் மட்டத்துக்கும் கீழே போய்விடும். அது ஏன் என்பதுதான் எங்கள் துறையின் பெரிய தலைவலி.

இந்த ஏற்ற இறக்கம் பூமியின் மொத்தக் காந்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு. அதனால் எங்களுக்கு இரும்பு என்றாலே ஆகாது. என் அத்தா திருவாரூரில் இரும்புக் கடை வைத்திருந்தவர். கம்பியும் ஆணியும் விற்று என்னை பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க வைத்தார். நான் இரும்பே உள்ளே வரக்கூடாத இடத்தில் போய் வேலைக்குச் சேர்ந்தேன். "ஒன்னக் கட்டிக் குடுக்குற எடத்துலகூட இவ்ளோ கண்டிஷன் போட மாட்டாங்க" என்று சிரிப்பார்.

கருவிகள் இருந்தது இரண்டு குடில்களில். செம்பு ஆணி, பித்தளைக் கீல். ஒன்றுக்கொன்று அறுபது மீட்டர் தள்ளி இருக்கும். உள்ளே போகும் முன் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். கடிகாரம், சாவி, செல்போன், கொண்டை ஊசி, ஊக்கு. நான் முக்காட்டுக்கு ஊக்குக் குத்துவதை விட்டு முடிச்சுப் போடப் பழகினேன். ஆண்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கருவியைத் திருப்புவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பது எழுதாத விதி.

இரண்டு குடில் எதற்கு? ஒரு வண்டியோ கடப்பாரையோ பக்கத்தில் வந்தால், கிட்டே இருக்கும் குடிலில் அதிகமாகவும் தள்ளி இருப்பதில் குறைவாகவும் தெரியும். வானத்தில் மாறினால் இரண்டிலும் ஒரே அளவு மாறும். நூறு கிலோமீட்டருக்கு முன்னால் அறுபது மீட்டர் ஒரு தூரமா? ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தால் போதும். பூஜ்யம் வந்தால் வானம். வராவிட்டால் வயல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் கழித்தல்.

வேலிக்குள் யார் வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள் என்று தினமும் சுற்றிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, மை பூசக்கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, காரணம், கையெழுத்து, தேதி. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் தலைவர். பெயர் வேண்டாம், எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டியவரை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, காதில் விழாத குரலில் பேசுவார். நாம் முன்னால் குனிந்து கேட்க வேண்டும். குனிய வைப்பதற்கே அப்படிப் பேசுகிறார் என்று எனக்குப் புரியப் பத்து வருடம் ஆனது. வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் அவருக்குக் 'குழந்தே'. எனக்கு நாற்பது வயதிலும் நான் குழந்தேதான். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அறிவாளி. ஒரு கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் அன்றைக்கு மேலே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லாததால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

குடில்களைச் சுற்றி நிலையத்துக்குச் சொந்தமான நிலம் நாலைந்து ஏக்கர் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டவர் கலியபெருமாள். நூறு மீட்டருக்குள் இயந்திரம் வரக்கூடாது, கை அறுப்புதான் என்பது ஒப்பந்தம். ஊரே மிஷின் விட்டு அரை நாளில் அறுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் மட்டும் ஆள் தேடி நாலு ஊர் அலைவார். "மேல போற கரண்டுக்காவ நான் கீழ அருவா புடிக்கிறேன் மேடம்" என்பார். சொந்த நிலம் இல்லாதவர். அந்தக் குத்தகைதான் அவருக்கு ஊரில் விவசாயி என்ற பேரைக் கொடுத்தது.

ஒருமுறை உண்மையாகவே தப்பு நடந்தது. பக்கத்து வயலுக்கு வந்த மிஷின் வழி தவறி முதல் குடிலுக்குப் பக்கத்தில் வந்து திரும்பியது. பதிவில் சட்டென்று ஒரு படி ஏறி, இருபது நிமிடம் கழித்துச் சட்டென்று இறங்கியது. முதல் குடிலில் பெரிதாக, இரண்டாவதில் லேசாக. கலியபெருமாள் தானே ஓடிவந்து சொன்னார். எழுதியும் கொடுத்தார். அந்தக் கடிதம் ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வருடம் கழித்துத்தான் நான் சொல்ல வந்த நாள். சம்பா அறுப்பு. நாற்பது பேர் அரிவாளோடு இறங்கியிருந்தார்கள், குடில்களுக்குப் பத்து மீட்டர் விட்டு. நானே இரண்டு முறை சுற்றிவந்தேன். மிஷின் இல்லை, டிராக்டர்கூட இல்லை. இரண்டு மணிக்குக் கோடு இறங்கத் தொடங்கியது. படி போல அல்ல. பதறாமல், வழுக்கிக்கொண்டு, மூன்றரை மணிக்கு இரவு மட்டத்துக்கும் கீழே போய், ஐந்து மணிக்கு மெதுவாகத் திரும்பியது. இரண்டு குடிலையும் கழித்துப் பார்த்தேன். பூஜ்யம். எங்கள் இடத்தில் தை மாதத்தில் அவ்வளவு பெரிய தலைகீழ் ஓட்டத்தை யாரும் பதிவு செய்ததில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு ஓடினேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். காபி வரச் சொன்னார். காபி என்றதுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வெளிய அறுப்பு நடக்குதே, குழந்தே?"

"கை அறுப்பு டாக்டர். ரெண்டு குடிலும் ஒரே மாதிரி எறங்கியிருக்கு. வித்தியாசம் பூஜ்யம்."

"ரெண்டு குடிலுக்கும் நடுவுல மிஷின் நின்னா?"

"நிக்கலையே டாக்டர். நான் பாத்தேன்."

"நீ பாக்காத நேரத்துல நின்னிருக்கலாம். அப்படித்தானே?"

காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் டாக்டர் ஒரு பெரிய கட்டுரையை அனுப்பியிருந்தார். இந்தப் பகுதியில் தை, மாசியில் இந்தத் தலைகீழ் ஓட்டம் வராது என்பது அதன் சாரம். அடுத்த வாரம் நிலையத்தைப் பார்வையிட ஒரு குழு வருகிறது. அவர்கள் முன்னால் அந்த மாதத்துப் பதிவை விரிக்க வேண்டும். அவர் சொன்னதற்கு எதிராக வானம் நடந்துகொண்டுவிட்டது. ஆகவே வானத்தைத் திருத்தினார்.

"எழுது குழந்தே. மதியம் ரெண்டு முதல் அஞ்சு வரை..." என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பல வருடமாகத் தற்காலிகமாகவே இருந்த என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மேசையில்தான் இருந்தது. அதை அவர் காட்டவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. காபி டம்ளரை மட்டும் அந்தக் கோப்பின் மேல் வைத்தார். பயந்தேன். கையெழுத்துப் போட்டேன். இந்த இடத்தில் என் மேல் எனக்கு வரும் கோபத்தை எழுத எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூட மூன்று மணி நேரப் பதிவு போனது என்று ஆறியிருப்பேன். ஆனால் மிஷின் வந்தது என்று எழுதியாகிவிட்டதே, வரவிட்டவர் மேல் நடவடிக்கை வேண்டாமா? என் குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலையும் அந்தப் பழைய கடிதத்தையும் சேர்த்து வைத்து, ஒப்பந்தத்தை இரண்டாம் முறை மீறியதாகக் குத்தகையை ரத்து செய்து கடிதம் போனது. கலியபெருமாள் களத்துத் தூசியோடு ஓடிவந்தார்.

"சாமி சத்தியமா மிஷின் வரலீங்க ஐயா. நாப்பது ஆளு அறுத்தாங்க, அவங்களக் கேளுங்க. மேடம் ரெண்டு தடவ வந்து பாத்தாங்க, மேடத்தக் கேளுங்க."

டாக்டர் அவரையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"மனுஷங்க மறந்துடுவாங்க கலியபெருமாள். கருவி பொய் சொல்லாது."

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரில் காகிதம் சிக்கியிருப்பதுபோல் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் ஒன்றும் சிக்கவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அந்த நிலத்தை யாருக்கும் விடாமல் போட்டார்கள். இரண்டு வருடத்தில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. நெல் விளைந்த மண்ணில் முள். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் குடிலுக்குப் போவேன்.

பிறகு காலம் மாறியது. வட துருவத்துக்கு மேலே, குளிர்காலத்தில், உயரக் காற்று திடீரென்று சூடாகும் நாட்கள் உண்டு. அந்த நாட்களை ஒட்டி இங்கே நம் தலைக்கு மேலுள்ள மின்சாரம் மதியத்தில் திசை மாறுகிறது என்று வெளிநாட்டில் அடுத்தடுத்து எழுத ஆரம்பித்தார்கள். உலகின் எந்த மூலையிலோ காற்று சூடாக, தஞ்சாவூருக்கு மேலே பிளாஸ்மா அசைகிறது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. டாக்டருக்கும் சிலிர்த்திருக்கும். நீக்கப்பட்டதாகச் சொன்ன பதிவு மூலக் கோப்பில் பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்தார், கட்டுரை எழுதினார். 'இரண்டு கருவிகளும் ஒத்துப்போவதால் இது ஐயமின்றி விண்வெளியிலிருந்து வந்த மாற்றமே' என்று அதில் ஒரு வரி. கடைசியில், பதிவைப் பராமரித்ததற்காக எனக்கு நன்றி வேறு.

அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அன்றைக்கு நான் உட்காரவில்லை.

"டாக்டர், இந்த மூணு மணி நேரத்துல மிஷின் இருந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கும், குழந்தே. அதான் அதோட அழகு."

"கலியபெருமாள் குத்தகைய யாரு திருத்துவா?"

"அது நிர்வாகம். அதுக்கும் நமக்கும் என்ன?"

நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும். ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். கதவை மட்டும் அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அது எனக்குப் பெரிய வீரமாகத் தெரிந்தது அப்போது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் மாலையோடும் கேடயத்தோடும் ஓய்வு பெற்றார். நானும் ஒரு சால்வையோடு ஓய்வு பெற்றேன்.

சிந்துஜா கேட்ட மறுநாள் மருத்துவக் கல்லூரிச் சாலையில் பஸ் ஏறி நிலையத்துக்குப் போனேன். குறிப்பேட்டை எடுக்கச் சொன்னேன். குறுக்கே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், 'அறுவடை இயந்திரம் வரவில்லை. தலைவர் சொல்லி எழுதியது. பதிவு சரியானது' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். ஒரு நிமிட வேலை. சிந்துஜா அதை ஸ்கேன் செய்தாள். இப்போதைய தலைவர் மரியாதையான மனிதர். "நல்லது மேடம், பதிவு சரியாயிடுச்சு" என்றார். குத்தகையை ரத்து செய்தது தப்பு என்று கலியபெருமாளுக்கு நிலையத்திலிருந்து ஒரு கடிதம் போட முடியுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்? சட்டச் சிக்கல் வரும். ஸ்கேன் பண்ணியாச்சுல்ல?"

பதிவைத் திருத்தலாம், மனிதனுக்குச் செய்ததைத் திருத்தினால் சட்டச் சிக்கல். பக்கத்தின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அவர் ஊருக்குப் போனேன்.

கலியபெருமாள் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்கு இருந்தார். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். என்னைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நகலைக் கொடுத்தேன். மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்ப... மிஷினும் இல்ல, டிராக்டரும் இல்ல?"

"எதுவும் இல்லங்க. அது வானத்துல நடந்தது."

"என் தம்பி அன்னைக்கு ரோட்டோரமா டிராக்டர நிறுத்திட்டு டீ குடிச்சான் மேடம். கால் மைலு தள்ளி. கருவி பொய் சொல்லாதுன்னாங்களா, அப்ப எதையோ காட்டியிருக்குன்னு யோசிச்சு யோசிச்சு, அவன் டிராக்டராத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒன்னாலதான்டா போச்சுன்னு சண்ட. அதுலேருந்து அவங்கிட்ட பேச்சே இல்ல. போன வருசம் செத்துட்டான். நான் போவல."

மண்டபத்துக்குள் யாரோ மேசை நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காகிதத்தை மறுபடி பார்த்தார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது மிஷின் இல்லன்னு உங்களுக்கு எப்ப மேடம் தெரியும்?"

பொய் சொல்ல வழி இருந்தது. கட்டுரை வந்தபோது தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார்.

"அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. காகிதத்தை நாலாக மடித்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அதைப் பையில் வைத்தார். மண்டபத்து ஆளிடம், தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தார்.